மணிக்கட்டு ஆழம்: லாவோஸில் எட்டு நாள்

கோயம்புத்தூர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் மலையில் பிடித்த சளி இன்னும் விடவில்லை. புத்தர் கோயில்களையும் மெக்கோங் ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்ட இரண்டு கிழவர்கள், எட்டு நாளும் ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே ஊர் திரும்பியிருக்கிறோம். நண்பர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மகன் டல்லாஸில் இருப்பதால் ஆண்டுக்கு நான்கு மாதம் அவருக்கு வாசம் அங்கேதான். நான் வங்கியில் முப்பத்தைந்து ஆண்டு கணக்குப் பார்த்தவன். ஆசிய நாடுகளில் அமெரிக்கா தலையிட்டதால் விளைந்தது நன்மையா, கேடா என்ற வழக்கு எங்களுக்குள் வெகுகாலமாகத் தீர்ப்பின்றி நிலுவையில் இருக்கிறது. அன்றன்று இரவு குறிப்பேட்டில் எழுதிவைத்ததைச் சற்றே ஒழுங்குபடுத்திக் கீழே தருகிறேன்.

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு – வியந்தியான்

நூறு டாலரை நீட்டினால் இருபத்தொரு லட்சத்துச் சொச்சம் கிப் கையில் வருகிறது. நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 250 கிப். ஒரு குவளை காப்பிக்கு 25,000 கிப் எண்ணிக் கொடுக்கும்போது விரல் நடுங்கியது. மனத்துக்குள் வகுத்துப் பார்த்து, நூறு ரூபாய்தான் என்று தேறிக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது. மாலையில் வெயில் தணிந்தபின் பத்துசாய் என்னும் வெற்றி வளைவைப் பார்க்கப் போனோம். விமான ஓடுதளம் அமைப்பதற்கென்று அமெரிக்கா அனுப்பிய சிமெண்டைக் கொண்டு 1960களில் எழுப்பிய கட்டடம் என்பதால், இதற்கு ‘செங்குத்து ஓடுதளம்’ என்றொரு கேலிப்பெயர் உண்டு. கொடுத்தவன் எதற்குக் கொடுத்தான், வாங்கியவன் எதற்குச் செலவழித்தான் என்பது எந்தக் கடன் பேரேட்டிலும் சுவையான பக்கம்தான்.

"நாமும் அந்தக் கோதுமையைத் தின்று வளர்ந்தவர்கள்தானே" என்றார் நண்பர். பள்ளி மதிய உணவில் அமெரிக்கக் கோதுமை ரவை உப்புமாவும் பால்பவுடர் பாலும் எங்கள் இருவருக்குமே நினைவில் உள்ளவை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நாம் போரிட்டபோது, என்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்ததும் நினைவில் இருக்கிறது என்று நான் சொன்னேன். முதல் நாள் வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

பிப்ரவரி 3, திங்கள் – வியந்தியான்

குண்டுவெடிப்பில் கைகால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் பொருத்தும் கோப் மையத்தின் காட்சிக்கூடத்துக்குக் காலையில் சென்றோம். நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பியதை உண்டியலில் போடலாம். வாய் பிளந்த ஒரு கொத்துக் குண்டிலிருந்து, எலுமிச்சைக்கும் டென்னிஸ் பந்துக்கும் இடைப்பட்ட அளவில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் கம்பிகளில் தொங்குகின்றன. இந்த ஊரார் அவற்றை ‘பொம்பி’ என்கிறார்கள். செல்லப் பிராணிக்கு வைத்த பெயர்போல ஒலிக்கிறது. குழந்தைகள் கையில் எடுப்பதற்கு அந்த உருண்டை வடிவமே போதுமான அழைப்பு.

வியட்நாம் போரின்போது, 1964 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டுகளில் அமெரிக்கா நடத்திய 5,80,000 தாக்குதல் பறப்புகள், 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகள், எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை என்பதுதான் இந்நாட்டில் எங்கும் சொல்லப்படும் கணக்கு. தொழில் புத்தி விடவில்லை. குறிப்பேட்டில் ஒன்பது ஆண்டுகளை நிமிடங்களாக மாற்றி வகுத்துப் பார்த்தேன். 8.16 வந்தது. அன்றைய மக்கள்தொகை இருபது லட்சத்துக்குச் சற்றே மேல்; தலைக்கு ஏறத்தாழ ஒரு டன். அதுவும் லாவோஸ்மீது போர் அறிவிக்கப்படாமலே, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே பெரும்பகுதி தெரியாமல் நடந்தது. சிறு குண்டுகள் 27 கோடி. அவற்றில் முப்பது விழுக்காடு, அதாவது சுமார் 8 கோடி, வெடிக்காமல் மண்ணுக்குள் போனவை.

என்னை நிறுத்தி வைத்தது அந்த எண்களன்று. ஒரு சுவரோரம், ஊர்மக்கள் தாங்களே செய்து ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டு நடந்து, கடைசியில் இங்கே ஒப்படைத்துவிட்டுப் போன பொய்க்கால்கள் வரிசையாக இருந்தன. மரம், மூங்கில், தகரம், விமானப் பாகங்களிலிருந்து வெட்டிய உலோகம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒன்றின் மேல்விளிம்பில் தொடை உரசாமல் இருக்கப் பழந்துணியைச் சுற்றித் தைத்திருந்தார்கள். தையல் மிக நேர்த்தி. நண்பர் அதன்முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எதுவும் பேசாமல் அடுத்த அறைக்குப் போனார்.

பிப்ரவரி 4, செவ்வாய் – சாலையில்

போன்சவனுக்குப் பத்து மணி நேரம் என்று சொல்லி ஏற்றிய வேன், பதினைந்து மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பூ கூன் சந்திப்புக்குச் சற்று முன்னால் மலை வளைவில் இன்ஜினிலிருந்து புகை வர, எல்லோரும் இறங்கினோம். ஒருவரும் ஓட்டுநரைத் திட்டவில்லை; குரலைக்கூட உயர்த்தவில்லை. நம் ஊரில் இந்நேரம் பாதிப் பேர் கைபேசியில் முறையிட்டுக்கொண்டும் மீதிப் பேர் பானெட்டைத் திறந்து ஆலோசனை சொல்லிக்கொண்டும் இருந்திருப்பார்கள். ஒரு பெண்மணி மூங்கில் கூடையைத் திறந்து, பிசுபிசுப்பான புட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்து எங்களிடம் நீட்டினார். தொட்டுக்கொள்ளச் சுட்ட மிளகாயும் தக்காளியும் இடித்த துவையல். அதில் மீன் சாறு இருக்குமோ என்று சைவனாகிய நான் தயங்க, நண்பர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

நான்கு மணி நேரக் காத்திருப்பு வழக்கை மறுபடியும் திறந்தது. நண்பரின் வாதத்தை நேர்மையாகவே பதிவு செய்கிறேன், ஏனெனில் அது வலுவானது. 1962 ஜூலையில் ஜெனீவாவில் பதினான்கு நாடுகள் லாவோஸின் நடுநிலைக்குக் கையெழுத்திட்டன. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியா தலைமை வகித்த பன்னாட்டுக் கண்காணிப்பு ஆணையத்தின் சாவடிகள் வழியே 666 அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் வெளியேறினார்கள். வட வியட்நாம் தரப்பில் வெளியேறியவர்கள் 40 பேர். எஞ்சிய பல்லாயிரம் பேர் காட்டுக்குள்ளேயே இருந்தார்கள். "முதலில் ஒப்பந்தத்தை மீறியது யார்? எண்ணிப் பார்த்தவர்கள் நம் ஆட்களே. வட வியட்நாம் தெற்கே படையும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை லாவோஸ் மண்ணில் ஓடியபோது அமெரிக்கா கைகட்டி நின்றிருக்க வேண்டுமா? அப்படி நிற்காததால்தான் இன்று தென் கொரியா இருக்கிறது" என்றார்.

அந்த நாற்பதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் கதையை 1962இல் தொடங்குவது, கணக்கை நடு ஆண்டில் தொடங்குவதைப் போன்றது என்று சொன்னேன். 1957இல் நடுநிலையாளரான இளவரசர் சுவன்ன பூமா, இடதுசாரிப் பக்கம் நின்ற, தந்தை ஒருவராயினும் தாய் வேறான தம் தம்பி சுபானுவோங்கைச் சேர்த்துக்கொண்டு கூட்டணி அரசு அமைத்தார். 1958 மே மாத இடைத்தேர்தலில் 21 இடங்களில் இடதுசாரிகளும் அவர்களுடைய தோழமைக் கட்சியும் 13 இடங்களை வென்றதும், அமெரிக்கா உதவித்தொகையை நிறுத்திவைத்தது. சில வாரங்களில் அந்த அரசு கவிழ்ந்தது. அரச படையின் சம்பளம் முழுவதையும் அப்போது அமெரிக்காதான் கொடுத்துவந்தது என்பதால், பணத்தை நிறுத்துவது ஆட்சியை நிறுத்துவதற்குச் சமம். அண்ணன் தம்பி ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்ததை வெளியாள் வந்து கலைத்தபின், இருவரும் ஆளுக்கொரு வெளியாளைத் தேடிப் போனார்கள். நடுவில் நிற்க இடமில்லாமல் செய்ததுதான் முதல் சேதம் என்பது என் கட்சி. விமானங்கள் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்துவிட்டது.

"அப்படியே விட்டிருந்தால் நடுவழி நீடித்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டார். உத்தரவாதம் இல்லை. வேன் கிளம்பிவிட்டது.

பிப்ரவரி 5, புதன் – போன்சவன்

ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. குளிர்ச்சட்டை கொண்டுவராத நண்பர் சந்தையில் சீனத் தயாரிப்பு ஒன்றை 1,20,000 கிப்புக்கு வாங்கினார். கடைக்காரப் பெண் தானாகவே பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தது அவரை நாள் முழுவதும் நெகிழவைத்தது.

சியாங் குவாங் மாகாணத்தின் பழைய தலைநகர் குண்டுவீச்சில் அழிந்ததால், போருக்குப் பிறகு புதிதாக உருவான நகரம் இது. அகலமான, அழகற்ற தெருக்கள். நாங்கள் தங்கிய விடுதியின் வாசலில் இரண்டு குண்டுக்கூடுகள் தூண்போல் நிற்கின்றன. நீளவாக்கில் பிளந்த மூன்றாவது கூட்டில் வெங்காயத்தாள் வளர்கிறது. நான்காவதில் மாலை நேரத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். தரையில் நேரடியாகத் தீ மூட்டினால் அடியில் கிடக்கும் பொம்பி சூடேறி வெடிக்கக்கூடும், ஆகவே நெருப்பை நிலத்துக்கு மேலே தூக்கி வைப்பது இங்கே பழக்கம் என்று விடுதிப் பையன் விளக்கினான்.

வெடிக்காத குண்டுகளை அகற்றும் அமைப்பு ஒன்றின் தகவல் நிலையத்தில் அமர்ந்திருந்த இளம்பெண், கடந்த வாரத்திலிருந்து களக்குழுக்கள் வேலைக்குப் போகவில்லை என்றார். ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் புதிய அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளைத் தொண்ணூறு நாள் நிறுத்திவைத்த ஆணையின் விளைவு. இதில் ஒரு முரண் உண்டு: குண்டு போட்ட நாடுதான் குண்டு பொறுக்கும் வேலைக்கும் அதிகப் பணம் கொடுத்துவந்தது. 2016 செப்டம்பரில் இங்கு வந்த ஒபாமா, பதவியில் இருக்கும்போதே லாவோஸுக்கு வந்த முதல் அமெரிக்க அதிபர். மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். நண்பர் அதைப் பெருமையுடன் எடுத்துச் சொன்னார். 1958லும் ஒரு கையெழுத்தில் பணம் நின்றது, 2025லும் ஒரு கையெழுத்தில் நிற்கிறது என்றேன். என் குரலில் வெற்றிக் களிப்பு தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "போனால் என்ன, வராவிட்டால் என்ன, மார்ச்சில் உழவு தொடங்கிவிடும்" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன் – ஜாடிச் சமவெளி

ஈராயிரம் ஆண்டுப் பழமையான கல் ஜாடிகள், சில ஓர் ஆளைவிட உயரமானவை, புல்வெளியில் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடக்கின்றன. ஈமச் சடங்குக்கானவை என்பது ஆய்வாளர் கருத்து. அரக்கர்கள் சோற்று மது காய்ச்சிய பானைகள் என்பது ஊர்க்கதை. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜாடிகளுக்கு நடுவிலேயே குண்டு விழுந்த பள்ளங்கள் இருக்கின்றன.

நடக்கும் பாதையின் இருபுறமும் சிறு கற்கள் பதித்திருக்கிறார்கள்; வெள்ளைப் பக்கம் முழுமையாகத் தோண்டிச் சோதித்த நிலம், சிவப்புப் பக்கம் அப்படிச் சோதிக்காதது. நண்பர் மூடியுள்ள ஜாடியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, சிவப்புக்கு அந்தப் பக்கம் நான்கடி போய்விட்டார். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு முதியவர்தான் பார்த்தார். கத்தவில்லை. கையை உயர்த்தி அசையாதே என்று காட்டி, எங்கள் பக்கம் வந்து நின்று, நண்பரின் காலடித் தடங்களை ஒவ்வொன்றாக விரலால் சுட்ட, அவர் அதே தடங்களில் பின்னோக்கி எட்டு வைத்து வந்தார். முதியவர் அவர் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டு மாடுகளின் பின்னால் போனார். நண்பரின் புதிய குளிர்ச்சட்டை முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. அன்று முழுவதும் நாங்கள் எதைப் பற்றியும் வாதாடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி – தாம் பியூ

கிழக்கே ஏழாம் எண் சாலையில் அறுபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு நாளொன்றுக்கு 9,00,000 கிப் பேசினோம். ஓட்டுநர் மோங் என்ற மலையினத்தைச் சேர்ந்த இருபத்தாறு வயது இளைஞர். சுற்றுலாப் பயணிகளிடம் கற்ற ஆங்கிலம் சரளமாக வருகிறது. எங்களை ‘மாமா’ என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்.

1968 நவம்பர் 24 அன்று, குண்டுவீச்சுக்கு அஞ்சி இந்தச் சுண்ணாம்புக் குகையில் ஒதுங்கியிருந்தவர்கள்மீது விமானத்திலிருந்து ஏவிய ராக்கெட் உள்ளே பாய்ந்தது. 374 பேர் இறந்தார்கள் என்கிறது அரசு நினைவகம். படிகளில் மூச்சிரைக்க ஏறி உள்ளே போனால், கரி படிந்த பாறையும், உதிர்ந்த கற்களும், யாரோ அடுக்கிவைத்த சிறு கற்குவியல்களில் செருகிய ஊதுபத்திக் குச்சிகளும் மட்டுமே. அந்த நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் வட வியட்நாம்மீது குண்டுவீச்சை நிறுத்துவதாக அதிபர் ஜான்சன் உலகுக்கு அறிவித்திருந்தார்; அங்கே ஓய்ந்த விமானங்கள் லாவோஸ் பக்கம் திருப்பப்பட்டன. உலகம் அமைதிக்கான முதல் படி என்று பாராட்டிய அந்த நிறுத்தத்துக்கும் இந்தக் குகைக்கும் இடையே இருபத்து மூன்று நாள்.

திரும்பும் வழியில், ஓட்டுநரின் குடும்பம் போரில் எந்தப் பக்கம் என்று நண்பர் கேட்டார். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். தாத்தா பதினைந்து வயதில் வாங் பாவின் படையில் சேர்ந்தவர் என்றார் இளைஞர். அமெரிக்க உளவுத்துறை மோங் மக்களிலிருந்து திரட்டி, சம்பளமும் அரிசியும் விமானத்தில் போட்டு வளர்த்த ரகசியப் படை அது. லோங் தியெங் பள்ளத்தாக்கில் அதற்கென்று ஓடுதளமும் ஒரு நகரமும் இருந்தன, வரைபடத்தில் மட்டும் இல்லை. 1975 மே 14 அன்று வாங் பாவை விமானத்தில் ஏற்றிச் சென்றார்கள். தாத்தா ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றிருந்தவர்களில் ஒருவர். தாத்தாவின் தம்பிக்கு எப்படியோ இடம் கிடைத்து, தாய்லாந்து முகாம் வழியாக மினசோட்டா போய்ச் சேர்ந்தார். ஓட்டுநரின் மனைவி வழியினரோ எதிர்ப்பக்கம்; அவர்களும் மோங் மக்களே. குகையில் இறந்தவர்களில் மனைவியின் பெரியபாட்டி உண்டு.

"கல்யாணத்தில் சிக்கல் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"பன்றி எத்தனை என்பதில்தான் வந்தது" என்றார்.

இரவு உணவின்போது நண்பர் வேறொரு முனையிலிருந்து தொடங்கினார்: 1975க்குப் பின் வந்த அரசு மன்னரையே முகாமில் அடைத்தது, அவர் அங்கேயே மாண்டார், மக்களில் பத்தில் ஒருவர் நாட்டைவிட்டு ஓடினார்கள், இவையெல்லாம் அமெரிக்கா போனபிறகு நடந்தவை. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மோங் கிழவரின் நிலையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எதிரி என்று குண்டு வாங்கியவர்களை இங்கே நினைவகங்கள் பேசுகின்றன. நண்பன் என்று சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு நினைவகம் கூட இல்லை. தலையிட்டவர் திரும்பிப் போகலாம், போய்விட்டார். அவரை நம்பி அண்டை வீட்டானைப் பகைத்துக்கொண்டவன் அந்த அண்டை வீட்டிலேயே பெண் எடுக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி – முவாங் கூன், பான் நாபியா

அழிந்த தலைநகரில் கூரையிழந்த ஒரு விகாரையும் அதன் செங்கல் தூண்களுக்கு நடுவே திறந்தவெளியில் அமர்ந்திருக்கும் புத்தரும் மிச்சம். ஒரு கண்ணும் கன்னமும் சிதைந்த முகம். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். மனம் அதற்குமேல் கொள்ளவில்லை.

பான் நாபியா கிராமத்தில் போர்ச் சிதிலங்களின் அலுமினியத்தை விறகடுப்பில் உருக்கி, மரச்சட்டத்துக்குள் சாம்பல் கலந்த மண்ணில் செய்த அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். ஊற்றிய சில நொடிகளில் அச்சைத் திறந்து இடுக்கியால் எடுத்துப் போட்டால், கரண்டி வெள்ளையாக, ஓரத்தில் பிசிறோடு கிடக்கிறது. அந்த ஐந்து நாளும் போன்சவன் நூடுல்ஸ் கடைகளில் நாங்கள் சூப் குடித்த, கையில் எடையே தெரியாத கரண்டிகள் இவைதாம். நண்பர் ஆறு வாங்கினார், 60,000 கிப். பேரம் பேசவில்லை.

மதியம் அந்த வீட்டிலேயே சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தோம். அம்மையார் கொல்லையில் பூண்டுத்தாள் பறித்துக்கொண்டிருக்க, விவசாயக் குடும்பத்தில் பிறந்த நண்பர், சும்மா இருக்க மாட்டாமல், பக்கத்துப் பாத்திக்கு மண்வெட்டியை எடுத்து நன்றாக ஓங்கி இரண்டு வெட்டு வெட்டினார். அம்மையார் பறித்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து காம்பைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலக் கை விரல்களை மண்ணுக்கு நேராக நிறுத்தி, இடக் கையால் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்: இதுவரை. பிறகு முழங்கையைத் தொட்டுத் தலையை ஆட்டினார்: இந்த ஆழம் கூடாது. ஐம்பது ஆண்டுகளாகப் பயிர் வைக்கும் கொல்லை. மேல்மண் திரும்பத் திரும்பக் கிளறப்பட்டு மாவுபோல் இருந்தது. அதற்குக் கீழே நண்பர் வெட்டிய இடத்தில் தெரிந்த செம்மண், இத்தனை ஆண்டும் யாரும் தொடாத இறுக்கத்தோடு இருந்தது.

மரவள்ளி போடுவதில்லையா என்று ஓட்டுநர் மூலம் கேட்டேன். போடுவதுண்டு, மேலாக மேடு கட்டித்தான் என்றார்.

சாப்பாட்டில் பூண்டுத்தாள் வதக்கலும் சோறும். மீன் சாறு இருந்தது. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு – வியந்தியான்

மலையைச் சுற்றிப் பதினைந்து மணி நேரம் வந்த தூரத்தை விமானம் அரை மணி நேரத்தில் கடந்தது. சன்னலோரம் அமர்ந்தேன். கொளுத்திய காடுகளின் புகைக்கு இடையே பழுப்பு வயல்களில் வட்டவட்டமாகக் குளங்கள் தெரிந்தன. சிலவற்றில் வாத்து வளர்க்கிறார்கள் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார். எதிர்ச்சன்னல் வழியே புதிய சீன ரயில்பாதையின் பாலம் ஒன்று தெரிகிறதா என்று நண்பர் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த வழக்குக்கு ஆவணம் சேர்க்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

இரவு விடுதி அறையில் பெட்டி கட்டும்போது, ஆறு கரண்டிகளையும் லாவோ மொழி நாளிதழில் ஒவ்வொன்றாகச் சுற்றினார். ஏப்ரலில் டல்லாஸ் போகும்போது மகன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். பேத்திக்கு எட்டு வயது, எதைப் பார்த்தாலும் இது எங்கே செய்தது என்று கேட்கிற பெண். கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

சுற்றிய கரண்டியைப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் ஓரத்துப் பிசிறை நகத்தால் தடவிப் பார்த்தார். "லாவோஸில் செய்தது என்று சொல்வேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கினார்.